முப்பத்தொரு நாள் துடக்கு

சந்திரகாந்திக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. ஜெர்மனியின் எசன் நகரில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அது தெரியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. தலையிடி, மேலதிக வேலை, குசினியில் குழாய் உடைந்தது என்று சில்லறைப் பொய்கள் எப்போதும் அவளிடம் கையிருப்பில் இருந்தன. ஆனால் துடக்கு என்று பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில் பிறப்போ இறப்போ நடந்தால் முப்பத்தொரு நாள் கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் போகாமல் ஒதுங்கியிருக்கும் துடக்கு. அதை யாராவது விளையாட்டுக்குச் சொல்வார்களா? சொன்னாள்.

எல்லாம் இரண்டு சுகர் கிளைடர்களால் வந்த வினை.

ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான், நூறு கிராம் தேறும். சாம்பல் நிற உடம்பு, முதுகில் ஒரு கறுப்புக் கோடு, முகத்தில் பாதியை எடுத்துக்கொண்ட கண்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் இருக்கும் தோலை விரித்தால் அலுமாரி மேலிருந்து யன்னல் சீலைக்கு ஒரே பாய்ச்சல். கைவிடப்பட்ட பிராணிகளைப் பராமரிக்கும் நகரத்து ரீயர்ஹைமிலிருந்து நவம்பர் கடைசியில் அவற்றை எடுத்து வந்திருந்தாள். வீட்டுக்காரன் நாய்க்கும் பூனைக்கும் இடமில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தான். சின்னப் பிராணிகளைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அவளுக்கு வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் காலை ஐந்து மணி வேலை. கணவன் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் பின்னேர வேலை. ஆகவே பின்னேரம் ஐந்து மணிக்கு எழும்பி ஓடித்திரியும் ஒரு பிராணி இந்த வீட்டுக்குப் பொருத்தம் என்று கணக்குப் போட்டாள். அவ்வளவுதான் காரணம். பெண்ணுக்கு சீனி என்றும், கொழுத்த ஆணுக்கு ஊர்ப் பலகாரத்தின் ஞாபகத்தில் தொதல் என்றும் பெயர் வைத்தாள்.

ஆனால் நாற்பத்தாறு வயதில் பிள்ளை இல்லாத ஒருத்தி பிராணி வளர்த்தால், சனம் பிராணியையா பார்க்கும்?

முதல் சனிக்கிழமையே சுந்தரேஸ்வரி அக்கா வந்துவிட்டார். எசனில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்வதும், தெரிந்ததை அடுத்தவருக்குச் சுடச்சுடக் கொடுப்பதும் அவர்தான். வடையும் கேக்கும் கொண்டுவந்தார். கூடவே நாலு பேரையும் கொண்டுவந்தார்.

"எலி மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார் கூட்டுக்குள் எட்டிப் பார்த்து. பிறகு, ஆறுதல் சொல்கிறோம் என்ற நினைப்பில், "பரவாயில்லை காந்தி. ஒரு பிள்ளையின்ரை சத்தம் கேக்காத வீட்டிலை இதுகளெண்டாலும் சத்தம் போடட்டும்" என்றார்.

சந்திரகாந்திக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்தது. தேத்தண்ணி போடும் சாட்டில் குசினிக்குள் போய் நின்று அதை விழுங்கிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு வீடு பொருட்காட்சி மாதிரி ஆகிவிட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வருபவர்கள், பாரிசிலிருந்து வந்த விருந்தாளிகள், அவர்களை ஏற்றி இறக்கியவர்கள் என்று ஆள்மாறி ஆள் வந்தார்கள். சீனியும் தொதலும் தூங்கும் துணிப்பையைக் கூட்டுக்கு வெளியே எடுத்து, கைக்குக் கை மாற்றி, கமராவில் பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். ஒருவர் வடையை நீட்டினார், இன்னொருவர் மூக்கைத் தடவினார். சீனி, மாவரைக்கும் மெஷினில் கல் விழுந்ததுபோலக் கத்தியது. அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எல்லோரும் போன பிறகு சந்திரகாந்தி கையை வைத்தால் அவளைப் பார்த்தும் அதே கத்தல்.

டிசம்பர் நடுவில் சீனி சாப்பாட்டைத் தொடவில்லை. இருட்டிய பிறகும் பையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு பின்னேரம் பையை விரித்துப் பார்த்தாள். வாலடியில் இருபது சென்ட் நாணயம் அளவுக்கு மயிர் இல்லை. சீனி தன் மயிரைத் தானே கடித்துப் பிடுங்கியிருந்தது.

ரீயர்ஹைமிலிருந்து ஃபிரௌ கெஸ்லர் வந்தார். அறுபது வயதிருக்கும், சிரிப்பைத் தேவைக்குமேல் செலவழிக்காத மனுஷி. சீனியைத் தராசில் வைத்தார், வாலடியைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "இவற்றை யார் யார் தொடுகிறார்கள்?"

சந்திரகாந்தி விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டு கையும் போதாமல் நிறுத்திக்கொண்டாள்.

"இவை கண்ணால் அல்ல, மணத்தால்தான் தங்கள் ஆட்களை அறிந்துகொள்ளும்" என்றார் ஃபிரௌ கெஸ்லர். "தினம் பத்துப் பேரின் மணம் வந்தால் எது தன் வீடு என்று இதற்குத் தெரியாது. கத்துவது கோபத்தில் அல்ல, பயத்தில். நீங்கள் மட்டும் தொடுங்கள். ஒரே நேரம், ஒரே உடுப்பு, ஒரே குரல். ஜனவரி இருபதாம் திகதி ஐந்து மணிக்கு வருவேன். அப்போதும் பிடுங்கிக்கொண்டிருந்தால் இரண்டையும் கொண்டுபோய்விடுவேன். ஹனோவரில் இவற்றைக் கூட்டமாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள்மேல் குறை இல்லை. ஆனால் இது இப்படியே செத்துப்போகும்."

அவர் போன பிறகு சந்திரகாந்தி கூட்டின் முன்னால் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த உயிர் இந்த வீட்டாலேயே சாகப்போகிறது என்ற நினைப்பு அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கொடுப்பதற்கும் மனம் வரவில்லை. வராதீர்கள் என்று சனத்துக்குச் சொல்லவும் வழி தெரியவில்லை. எசன் தமிழர்களின் சரித்திரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த கலியாண வீட்டில் தலைநிமிர்ந்து சாப்பிட்டவர்கள் எவரும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தொலைபேசி அடித்தது. வியாழக்கிழமை, டிசம்பர் இருபத்தொன்று.

"காந்தி, கனடாவிலை இருந்து என்ரை மச்சாள் குடும்பம் வந்து நிக்கினம். ஐஞ்சு மணிக்கு கூட்டிக்கொண்டு வாறன். உன்ரை எலியைப் பாக்கோணுமாம்" என்றார் சுந்தரேஸ்வரி அக்கா.

"வராதேங்கோ அக்கா" என்று அவள் வாய் சொன்னது. சொன்ன வாய்க்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எங்கடை வீட்டிலை துடக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சுந்தரேஸ்வரி அக்காவின் தொலைபேசியில் அப்படி ஒரு மௌனத்தை அவள் முன்பு கேட்டதில்லை.

"எத்தினை நாளைக்கு?"

"முப்பத்தொண்டு. இண்டைக்குத்தான் தொடங்கினது." போனை வைத்துவிட்டாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டதும் கதிரையில் இருந்துவிட்டார்.

"துடக்கோ? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப ஆர் பிறந்தது?"

"ஒருத்தரும் பிறக்கேல்லை."

"உனக்கென்ன விசரோ? ஊரிலை என்ரை அம்மா எண்பத்திரண்டு வயசிலை இருக்கிறா. பொய்த்துடக்கு சொல்லி, அது பலிச்சுதெண்டால்?"

"பலிக்காது. பொங்கலுக்கும் கோயிலுக்கும் போகாமல் ஒழுங்காய்க் காப்பம். காத்தால் அது பொய்யில்லை."

இந்த நியாயம் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த ஸ்ரீஸ்கந்தராஜா மேற்கொண்டு வாதாடவில்லை. அடுத்த நாளே ஊருக்குப் போன் எடுத்துத் தாயின் சுகத்தை மட்டும் விசாரித்துக்கொண்டார். பிறகு வெள்ளிதோறும் விசாரித்தார்.

காத்தார்கள். திருவெம்பாவைக்குப் போகவில்லை. புதுவருடத்துக்கு எவர் வீட்டுக்கும் போகவில்லை. பொங்கலன்று பால்கூடக் காய்ச்சவில்லை. அதிசயமாக ஒருவரும் வரவுமில்லை. தொலைபேசியும் வாயைத் திறக்கவில்லை. வராதே என்றவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டாவது வாரம், சனம் தன்னை அடியோடு கைகழுவிவிட்டதோ என்று உள்ளுக்குள் அரிக்கவும் தொடங்கியது.

இரண்டு மணிக்கு வேலையால் வந்ததும் குளிப்பாள். கிருமிநாசினி மணமும் வெங்காய மணமும் போகவேண்டுமே. பிறகு ஒரே பழைய பருத்திச் சட்டை. சவர்க்காரம் காட்டாத அந்தச் சட்டையைக் கண்டாலே ஸ்ரீஸ்கந்தராஜா யன்னலைத் திறந்தார். துணிப்பையைக் கழுத்தில் நெஞ்சோடு தொங்கவிட்டுக்கொண்டு உட்காருவாள். சீனியும் தொதலும் உள்ளே தூங்கும். அவள் மரக்கறி வெட்டுவாள், வயோதிபர் இல்லத்து நிர்வாகம் கொடுத்த படிவங்களை நிரப்புவாள், வாய்க்குள் ஏதாவது முணுமுணுப்பாள். ஐந்து மணிக்கு விரல் நுனியில் தயிர் தொட்டுப் பை வாயருகே வைப்பாள்.

தொதலுக்கு வயிறுதான் முதல் தெய்வம்; நாலாம் நாளே நக்கியது. சீனி பத்தாம் நாள்வரை கத்தியது. பதினொராம் நாள் கத்தாமல் பார்த்தது. பதினாறாம் நாள் ஒரு சின்ன ஈர நாக்கு அவள் விரலில் பட்டது. சந்திரகாந்தி மூச்சைக்கூட விடாமல் இருந்தாள். கையை எடுக்கப் பயந்து அரை மணி நேரம் அப்படியே இருந்ததில் தோள்மூட்டு பிடித்துக்கொண்டது. வாலடியில் பூனைமயிர்போல மெல்லிதாக ஏதோ முளைக்கவும் தொடங்கியது.

எல்லாம் சரிவரும் என்று நினைத்த நேரத்தில் கிரில் புயல் வந்தது. ஜனவரி பதினெட்டு. ரயில்கள் நின்றன, மரங்கள் விழுந்தன, யன்னல் கண்ணாடி விடியும்வரை அதிர்ந்தது. சீனி கூட்டின் மூலையில் ஒடுங்கி, நாய்க்குட்டிபோலக் குரைத்துக்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டியபோது பழையபடி கத்தியது. பையை நீட்டியபோதும் கத்தியது. காலையில் கூட்டின் தட்டில் நாலைந்து சாம்பல் மயிர்கள் கிடந்தன. நாலு வாரமும் வீணாய்ப் போனது என்று சந்திரகாந்தி தட்டை வைத்துக்கொண்டு அழுதாள்.

இருபதாம் திகதி, முப்பத்தோராம் நாள், சனிக்கிழமை. ஃபிரௌ கெஸ்லர் சொன்னபடி ஐந்து மணிக்கு வந்து கூட்டைத் திறந்தார். தொதல் யன்னல் சீலைக்குப் பாய்ந்தது. சீனி சீலைக் கம்பியின்மேல் ஏறி உட்கார்ந்தது. "புதிதாகப் பிடுங்கியிருக்கிறது, கொஞ்சம்தான்" என்று ஃபிரௌ கெஸ்லர் கொப்பியில் எழுதினார். அவர் கொண்டுவந்த வெறும் கூடு வாசலுக்கருகே இருந்தது. சந்திரகாந்தி அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

அழைப்பு மணி அடித்தது. ஸ்ரீஸ்கந்தராஜா யோசிக்காமல் திறந்துவிட்டார்.

சுந்தரேஸ்வரி அக்கா. பின்னால் அவர் கணவர் விமலநாதன், தமிழ்ப் பள்ளிக்கூடத்து அம்பிகா, இன்னும் ஐந்தாறு பேர். பட்டுச் சேலைகள், பலகாரப் பெட்டிகள், நீல நாடா கட்டிய பொதிகள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"துடக்குக் கழிஞ்சுதெல்லோ? இனி வரலாந்தானே? எங்கை பிள்ளை?" என்று சுந்தரேஸ்வரி அக்கா ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். குழந்தைக்கு முப்பத்தோராம் நாளில் போடும் பஞ்சாயுதம், பொன்னில்.

"எந்தப் பிள்ளை அக்கா?"

"என்னட்டை ஒளிக்காதை. செத்த வீடெண்டால் வாங்கோ எண்டுதான் சொல்லுவினம். வராதேங்கோ எண்டால் பிள்ளைதானே? ஊரிலை இருந்து தத்தெடுத்திருக்கிறாய் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது. எசன் முழுக்கச் சொல்லிப்போட்டன், முப்பத்தொரு நாளும் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகப்படாது, போனும் எடுக்கப்படாது எண்டு. பச்சை உடம்புப் பிள்ளை, சனம் போய்க் கரைச்சல் குடுக்கக்கூடாதெல்லோ!"

இந்த ஒரு மாத அமைதியை யார் வாசலில் நின்று காவல் காத்தது என்று சந்திரகாந்திக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த மனுஷிக்குப் பயந்துதானே துடக்கு என்று சொன்னாள்.

"அக்கா, பிள்ளை இல்லை" என்றாள். "உந்தச் சீவன் சனத்துக்குப் பயந்து சாகப் பாத்தது. உங்களை வரவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அதுதான்..."

சுந்தரேஸ்வரி அக்கா பெட்டியை மூடினார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் நின்றார்கள். அவர் கண் கலங்கியது. "நான் ஒரு மாசமாய் உனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு திரிஞ்சன், காந்தி" என்றார். பின்னால் நின்ற அம்பிகாவின் கையிலிருந்து பலகாரத் தகரம் நழுவி, தரையில் டமாரென்று விழுந்தது.

சீலைக் கம்பியில் சீனி குரைத்தது. ஒரு கணம் உடம்பை அமத்தியது. பிறகு கைகால் விரித்துப் பாய்ந்தது. வீட்டில் அலுமாரி இருந்தது, கூடு இருந்தது, பதினொரு தலைகள் இருந்தன. அத்தனைக்கும் மேலால் மிதந்துபோய்ச் சந்திரகாந்தியின் தோளில் விழுந்து, கழுத்தடியால் சட்டைக்குள் புகுந்துகொண்டது. கத்தவில்லை. அவள் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, இத்தனை பேருக்கு முன்னால் விம்மி விம்மி அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை.

ஃபிரௌ கெஸ்லர் கொப்பியை மறுபடி திறந்தார். "பயந்த பிராணி எங்கே ஓடுகிறதோ அதுதான் அதன் வீடு. பிடுங்கியது புயல் பயத்தில்தான் இருக்கும், மயிர் முளைத்துவிடும்" என்று கொப்பியில் ஒரு கையெழுத்து வைத்தார். வெறும் கூட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஜெர்மன் மொழியில் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. சுந்தரேஸ்வரி அக்கா கிட்ட வந்தார். தொடுவதற்கு நீண்ட கையைத் தானே பின்னால் கட்டிக்கொண்டு, சட்டையின் மேற்பகுதியில் தெரிந்த இரண்டு பெரிய கண்களைப் பார்த்தார்.

"எலி இல்லைத்தான்" என்றார் மெல்லிய குரலில். பிறகு திரும்பி எல்லோரையும் வாசல் பக்கம் தள்ளினார். "நடவுங்கோ, நடவுங்கோ. பலகாரத்தை வைச்சிட்டு வெளிக்கிடுங்கோ. காந்தி, துடக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கெண்டு நான் எல்லாருக்கும் சொல்லிவிடுறன்."

சந்திரகாந்தி அழுகைக்கு நடுவே சிரித்து, ஓம் என்று தலையாட்டினாள். சட்டைக்குள் சீனியின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.