முதல் துண்டு கேக்

மஸாஹிர் நானாவின் கடைச் சுவரில் அந்தப் பிரிஸ்டல் போட் மட்டை ஏறிய நாளில் இருந்து ஏரம்புவுக்குத் தேத்தண்ணீர்கூடத் தொண்டையால் இறங்கவில்லை.

நானா கொழும்புக்குப் போய் வியாபாரப் பயிற்சி வகுப்பு ஒன்றில் இருந்துவிட்டு வந்தவர். வந்த கையோடு 'நிறுவனக் கட்டமைப்பு' என்று தலைப்புப் போட்டு, பெட்டி பெட்டியாகக் கீறிக் காசு மேசைக்கு மேலே ஒட்டிவிட்டார். உச்சியில் அவருடைய பெட்டி. அதற்குக் கீழே 'இணைய ஓடர் பகுதி – மேனுகா'. அதற்கும் கீழே, 'கொள்வனவு, விநியோகம் – ஏரம்பு'. ஏரம்புவின் பெட்டியில் இருந்து புறப்பட்ட கோடு மேனுகாவின் பெட்டியில் போய் முட்டியது. முதலாளியிடம் போக அதற்கு வேறு பாதை இல்லை.

வவுனியாவில் அந்தக் கடைக்குச் சாமான் அடுக்க முதல் இறாக்கை அடித்தபோது ஆணி பிடித்தவன் ஏரம்பு. மேனுகா கம்பியூட்டர் படித்துவிட்டுப் போன வருடம் வந்த பிள்ளை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சமாதான ஒப்பந்தத்தோடு யுத்தம் நின்று பாதை திறந்த பிறகு பிடித்த வியாபாரம் இது. கனடா, லண்டன் என்று வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கடையின் இணையத்தளத்தில் ஓடர் போடுவார்கள். அரிசியோ, சேலையோ, பிறந்தநாள் கேக்கோ வன்னிக்குள் இருக்கிற தாய் தகப்பனின் வாசலுக்குப் போய்ச் சேரும். சாமானைக் கையில் பிடித்தபடி அவர்கள் நிற்கிற படம் ஒன்று அன்று பின்னேரமே இமெயிலில் போகும். சாமான் கிடைத்ததற்கு அதுதான் அத்தாட்சி.

படம் அனுப்புகிறவள் மேனுகா. ஆனால் கேக்கைப் பக்கத்துச் சீற்றில் பச்சைப்பிள்ளை மாதிரி இருத்தி வான் ஓட்டுகிறவன் ஏரம்பு. ஓமந்தையில் ஆமிக்குப் பெட்டியைத் திறந்து காட்டுகிறவன் அவன். அந்தப் பக்கம் புலிகளின் காவலரணில் மறுபடியும் திறந்து காட்டுகிறவனும் அவன்தான். ஐசிங் உருகுகிறதோ என்று குனிந்து குனிந்து பார்த்து, செம்மண் குடித்து, வீடு தேடி அலைந்துவிட்டு வந்தால், மின்விசிறிக்குக் கீழே இருந்து அவள் வாசிப்பாள்: "நன்றி மேனுகா தங்கச்சி." இமெயிலின் அடியில் அவளுடைய பெயர்தானே இருக்கிறது. ஒவ்வொரு நன்றிக்கும் ஏரம்புவுக்குள் ஒரு புகைச்சல் கிளம்பும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நானாவிடம் போனான். ஆர் குத்தியும் அரிசியானால் சரிதானே என்றார் அவர். பிறகு சுவரைக் காட்டி, முறைப்பாடு இருந்தால் இனிமேல் மேனுகாவிடம் சொல்லு, கோடு அப்படித்தானே போகிறது என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் ஏரம்பு முடிவெடுத்தான். தன் முகம் கனடா போகவேண்டும்.

அந்தக் கிழமையே வாய்ப்பு வந்தது. மல்லாவியில் தனியே இருக்கிற ஞானேஸ்வரி அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். ரொறன்ரோவில் இருக்கிற மகன் ரஜிதன் கேக் ஓடர் போட்டிருந்தான். படத்தில் வாடிக்கையாளரும் சாமானும் மட்டுந்தான் வரவேண்டும் என்பது கடைச் சட்டம். ஏரம்பு தலையை வாரி, சட்டைப் பையில் பேனை ஒன்றும் குத்திக்கொண்டு வெளிக்கிட்டான்.

ஞானேஸ்வரி அம்மா நீலச் சேலை உடுத்துக்கொண்டு காத்திருந்தார். கேக்கை வெட்டினார். முதல் துண்டை எடுத்த பிறகுதான் அதை யாருக்கு வாயில் தீத்துவது என்று சுற்றிப் பார்த்தார். ஏரம்பு அதற்குள் கமராவைப் பக்கத்து வீட்டுக்காரியின் கையில் கொடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான்.

"வாயைத் திற மோனை," என்றார் அம்மா.

அவன் கண்ணைக் கமராவில் வைத்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்தான். மீசையில் ஐசிங் ஒட்டியது. அம்மா சிரித்தார். படம் அச்சொட்டாக விழுந்தது.

கடைக்கு வந்ததும் மேனுகாவுக்குப் பக்கத்திலேயே நின்றான். படத்தில் நிற்கிறது ஏரம்பு என்று பெயரையும் போடச் சொன்னான். அவள் ஒருமுறை அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பெயரைப் போட்டாள்.

அடுத்தநாள் காலை பதில் வந்துவிட்டது. மேனுகா வழக்கம்போலச் சத்தமாகத் தொடங்கி, சட்டென்று நிறுத்தினாள்.

"ஏரம்பண்ணை, இது உங்களுக்கு வந்திருக்கு."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். இந்த நாளுக்காக எத்தனை மாதம் காத்திருந்தவன். வாசி பிள்ளை என்றான். அவள் தயங்கித் தயங்கி வாசித்தாள்.

"ஏரம்பு அண்ணை, அம்மாவின்ரை கையாலை சாப்பிட்டு எனக்குப் பதின்மூண்டு வருசம். கேக் அனுப்பினது நான், வாயைத் திறந்தது நீங்கள். உங்களிலை கோவம் இல்லை, எரிச்சல்தான். இரவு முழுக்க அந்தப் படத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான். இன்னொரு கேக்குக்கு ஓடர் போட்டிருக்கிறன். இந்தமுறை நீங்கள் படத்திலை நிக்க வேண்டாம்."

ஏரம்புவின் காது சுட்டது. இந்த இமெயில் நானாவின் கையில் கிடைத்தால் வேலை போய்விடும். அவன் சுவரைப் பார்த்தான். மேலே போகிற கோடு மேனுகாவின் பெட்டிக்குள்ளால் போகிறது.

"இது இதுக்கு மேலை போகாது அண்ணை," என்றாள் அவள். அந்தப் பிள்ளை தன்னைக் காப்பாற்றியதும் அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டாவது கேக்கோடு போனபோது, பிறந்தநாள் முடிந்துபோச்சே என்று ஞானேஸ்வரி அம்மா கேட்டார். படம் சரிவரவில்லை என்று சொன்னான். அவர் உள்ளே போய் அதே நீலச் சேலையை உடுத்துக்கொண்டு வந்தார். வெட்டினார். போனமுறை போலவே முதல் துண்டை அவன் பக்கம் நீட்டினார்.

ஏரம்பு கமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்வாங்கினான்.

"எனக்கில்லை அம்மா. இந்தக் கமராக் கண்ணாடிக்குள்ளை பாத்து நீட்டுங்கோ. தம்பி இதுக்குள்ளைதான் நிக்கிறார்."

அம்மா அந்தச் சின்னக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துண்டு உதிராமல் மற்றக் கையைக் கீழே பிடித்துக்கொண்டு நீட்டினார்.

"இந்தா ரஜி. ஆ காட்டு."

அப்போதுதான் ஏரம்பு அந்தச் சிரிப்பைக் கண்டான். அன்றைக்குத் தனக்குக் கிடைத்தது வேறு, வீட்டுக்கு வந்தவனுக்குக் கொடுக்கிற சிரிப்பு. இது அவனைத் தாண்டி ரொறன்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஒரு சிரிப்புக்காக ஒருவன் இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் எரியலாம் என்று அவனுக்கு விளங்கியது. விளங்கியதும் அந்த மகனை நினைத்து அவனுக்கும் எரிந்தது. மேனுகாவை நினைத்து எரிந்ததெல்லாம் இதற்குக் கிட்ட வராது. அவன் கமராவின் பித்தானை அமத்தினான்.

படம் எடுத்து முடிந்ததும் அம்மா ரஜிக்கு நீட்டிய அந்தத் துண்டை ஒரு தட்டில் வைத்து, மேலே ஒரு கோப்பையால் மூடினார். பிறகு ஏரம்புவுக்கு வேறொரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தார்.