பாரம் ஏற்றாத சோதனை

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்தபோது பங்குச் சந்தை படுத்துக்கொண்டது. அவர் ஆயுசுக்கும் சேர்த்த ஓய்வு நிதியில் கால்வாசி, கண்ணை மூடித் திறப்பதற்குள் கரைந்துபோனது. சந்தைக்கு என்ன, படுத்தது என்றைக்காவது எழுந்துகொள்ளும். அவருடைய முழங்கால்தான் எழுந்துகொள்ளாது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புது ஆள் எடுக்க வசதியில்லை, இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா, சம்மதமா இல்லையா என்று அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

வேலையை விட்டுவிட அவர் மனம் துடித்தது. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்க் குழியில் இன்னொரு தடவை இறங்கச் சொன்னால் அழுதேவிடுவார். ஆனால் இருக்கிற பணம் போதுமா? வேறு யாராவதாக இருந்தால் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்பார்கள். இவர் தன் தொழிலையே கேட்டார். எந்த லிஃப்டையும் அவர் யார் பேச்சையும் நம்பிப் பாஸ் பண்ணியதில்லை. தாங்க வேண்டிய எடைக்கு மேல் இன்னும் கால் பங்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி, அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து.

“ஒரு மாசம் டெஸ்ட்,” என்று மனைவியிடம் அறிவித்தார். “ரிடையரானா மாசம் என்ன கிடைக்குமோ, அதுலயும் கால்வாசி குறைச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்தணும். சந்தை இன்னும் விழுந்தாலும் தாங்கறோமான்னு தெரிஞ்சிடும்.”

“சரிங்க,” என்றாள் மனைவி. இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாதம் முடிந்தது. பணம் மிஞ்சியது! இன்ஸ்பெக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் மனைவி. “இந்த மாசம் பகல்ல நீங்க எங்க இருந்தீங்க?”

“இது என்ன கேள்வி? வேலைல.”

“மதியச் சாப்பாடு?”

“கேன்டீன்ல.”

“டீ, பேப்பர், ஏசி, அரட்டை அடிக்க போன்?”

பேனா மெதுவாக மூடிக்கொண்டது.

“ஆளே ஏறாத லிஃப்டை மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்துட்டுப் பாஸ்ங்கறீங்க. ஏத்த வேண்டிய பாரமே நீங்கதானே?”

“இதை ஆரம்பத்துலயே சொல்லக் கூடாதா?”

“கேட்டீங்களா? அறிவிச்சீங்க.”

இன்ஸ்பெக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஏசி ஓடியது. இருட்டுவதற்குள் ஆறு டீ. செவ்வாய்க்கிழமை கை சும்மா இருக்கவில்லை. ஒழுங்காக மூடிக்கொண்டிருந்த சமையலறை அலமாரியின் கதவைக் கழற்றிச் சோதித்தார். திரும்ப மாட்டுவதற்குத் துளை போடும் மெஷின் ஒன்று வாங்கினார். அப்புறம் தப்பான இடத்தில் விழுந்த துளைகளை அடைக்கத் தச்சரைக் கூப்பிட்டார். புதன்கிழமை, காலம் கெட்டுக் கிடக்கிறது, விலை ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று இருபது கிலோ வெங்காயத்தோடு வந்து நின்றார். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். அன்று சாயங்காலமே வாரப் பணம் காலி.

“தோத்துட்டேன்,” என்றார். “சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டு ரெண்டு வருஷம் போயிட்டு வந்துடறேன்.” அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்வாள், இருபது கிலோ ஆயிற்றே. “டெஸ்ட்ல தோத்த லிஃப்டை உடனே பேத்து எறிஞ்சிடுவீங்களா?”

“சேச்சே. குறையெல்லாம் எழுதிக் குடுத்து, சரிபண்ண ஒரு மாசம் டயம் குடுப்போம்.”

“அப்ப எழுதுங்க.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். பகல் ஏசி. ஆறு டீ. கெடாததைக் கழற்றுவது. விலை ஏறிவிடுமே என்று வாங்கிக் குவிப்பது. கேட்காமல் அறிவிப்பது. கடைசியானதற்கு இன்ஸ்பெக்டர் ஆட்சேபம் தெரிவித்தார், அது செலவில் சேராதே என்று.

“மத்ததெல்லாம் அது பெத்த பிள்ளைங்க. எழுதுங்க.”

எழுதினார். பிறகு பயந்துகொண்டே கேட்டார். “இதெல்லாம் சரியாகலேன்னா?”

“ஆகலேன்னா அரை வயிறு சாப்பிடுவோம்.” அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நீங்க குழியில இறங்கற நாள்ல போன் அடிச்சாலே, உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துடுவேன். தெரியாத நம்பரா இருந்தா எடுக்கக் கையே வராது. கல்யாணமான நாளா இதே கதைதான். இன்னும் ரெண்டு வருஷம் என்னால முடியாதுங்க.”

அவருக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருஷமும் போன் பண்ணினால் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று எரிந்து விழுந்ததுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

கடிதத்தில் ‘சம்மதமில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். காரணம் எழுத நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். முழங்கால், வயது என்று எழுத எவ்வளவோ இருந்தது. அவர் எழுதியது ஒரே வரி: ‘வீட்டில் பயப்படுகிறார்கள்.’