லிஃப்ட் பழுதான இருபது நாள்

1
இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. எங்கள் குடியிருப்புக் குழுவில் மூன்று பேர்: செயலாளர், பல் டாக்டர், நான். ஒரு வழக்கில் அவர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்க, என் ஓட்டுதான் மிச்சம். யோசிக்க அரை மணி நேரம் கேட்டுவிட்டு, கீழ்த்தளத்துக் குழு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ‘நீதியின் கண்கள்...’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். எங்கள் கட்டடத்தில் நீதிக்கு நனைந்த தலைதான் உண்டு.

2
ஈரப் போர்வை ஒன்று மேலிருந்து செயலாளரின் தலையில் சொட்டியது. விதிப்படி முப்பது நாள் லிஃப்ட் தடை. மாட்டிக்கொண்டவர் ஏழாம் மாடித் தையல்கார அக்கா. முட்டி வலிக்காரர். “என்னுது இல்லைங்க” என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. (அந்தப் போர்வை உண்மையில் — வேண்டாம், பிறகு சொல்கிறேன்.)

பத்து நாள் கழிந்ததும் லிஃப்ட் பழுதானது. இருபது நாள் எல்லாருமே படியேறினோம். இன்று காலை சரியானது. தண்டனை முடிந்ததென்று அக்கா பையோடு லிஃப்ட் முன் வந்து நின்றார். செயலாளர் மறித்தார்.

3
“எல்லாரும் ஏறினா அது எப்படிங்க தண்டனை? அந்த இருபது நாளும் சேராது.”

பல் டாக்டர் விடவில்லை. “அப்ப நாங்க ஏறினது எந்தத் தப்புக்கு சார்?”

செயலாளர் யோசித்தார். அவர் யோசித்தால் ஒரு விதி பிறக்கும்.

“முன்கூட்டியே அனுபவிச்சதா வச்சுக்குங்க. அடுத்த தப்புல கழிச்சுக்கலாம்.”

“அப்ப இன்னைக்கே ஒரு போர்வைய நனைச்சுத் தொங்கவிடுறேன்.”

(செயலாளரைக் கொடுமைக்காரராக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் போன வருடம் பெயிண்ட் சிந்தியதற்குத் தனக்கே தடை போட்டுக்கொண்டு ஒரு மாதம் படியேறிய மனிதர். அவரை வெறுப்பது சிரமம்.)

4
முதல் முடிவு: கருணை. அக்கா லிஃப்டில் போகிறார். நாளை முதல் செயலாளர் குடை பிடித்தபடி நடமாடுகிறார்.

இரண்டாம் முடிவு: கண்டிப்பு. அக்கா படியேறுகிறார். நான்காம் மாடியில் அவர்... எழுத வரவில்லை. அங்கே அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதை இருபது நாளும் பார்த்தேன், தாண்டித்தான் போனேன்.

மூன்றாம் முடிவு: போர்வை எங்களுடையது. ஆறாம் மாடி. நான்தான் துவைத்தேன், ஒழுங்காகப் பிழியவில்லை. புது விதிப்படி இருபது நாள் கழிந்துவிட்டதால் எனக்குப் பாக்கி பத்தே நாள். அதற்கே வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கதவுக்கு வெளியே அக்காவின் குரல்: “தம்பி, யோசிச்சு முடிச்சிட்டீங்களா? நின்னு நின்னு முட்டி விட்டுப்போச்சு.”

நேரம் முடிந்தது. முடிவை உங்களிடம் விடுகிறேன். மூன்றாவது என்றால் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். செயலாளருக்குக் கேட்க வேண்டும்.