ஆதம்பாவா அளந்த கயிறு

என் புருஷனுடைய உயிருக்குப் பிணை நின்றவை இங்கிலாந்து ஆடுகள். பகிடி இல்லை. நூறு வருடத்துக்கு முன்னர் அங்கே ஒருவர் ஆடுகளை இரும்பு அறைக்குள் அடைத்து, காற்றை அமுக்கி, பிறகு சடாரென்று திறந்து விட்டாராம். சில ஆடுகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டின, சில செத்தன. பக்குவமாகத் திறந்தபோது பிழைத்தன. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றவன், மேலே வரும் வழியில் எங்கெங்கே தாமதிக்க வேண்டும் என்ற அட்டவணை அப்படித்தான் பிறந்தது. அவசரப்பட்டு ஏறினால் இரத்தத்தில் குமிழி உண்டாகி ஆளை முடக்கிவிடும்.

கல்லடியில் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடிய என் புருஷன் வில்லியமுக்கு அந்த அட்டவணை வேதம். ஆழம் காட்டும் கருவி பழுதாகிவிட்டது. யுத்த காலத்தில் வேறொன்று கிடைக்கவுமில்லை. ஆகவே படகுக் கூட்டாளி, காத்தான்குடி ஆதம்பாவா, இரண்டு கைகளையும் விரித்துக் கயிற்றை அளந்து பாகத்துக்கு ஒரு துணி முடிந்து விடுவார். ஒரு பாகம் ஆறடி. அது கடற்கரை முழுக்கத் தெரிந்த கணக்கு. துணிகளை எண்ணி, ஆறால் பெருக்கி, அட்டவணையைப் பார்ப்பார் வில்லியம்.

"நாங்க ஆட்டைக் குர்பானுக்கு வளக்குறம். வெள்ளைக்காரன் கணக்குப் பாக்க வளத்திருக்கான் மச்சான்" என்று சிரிப்பார் ஆதம்பாவா.

"கட்டையனுக்கு வாய் மட்டும் நீளம்" என்பார் வில்லியம்.

இருவரும் நாள் முழுக்க இப்படித்தான். என்னோடு பேசும்போது மட்டும் வில்லியம் சொல்லுக்கு வரி கட்டுகிறவர்போல இருப்பார். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்?

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் டவுனில் பூசையில் இருந்தோம். ஆதம்பாவா கரையில் படகோடு நின்றார். படகு, கயிறு, ஆள் எல்லாம் போயிற்று. உடல் கிடைத்ததும் வில்லியம் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தார். அழவில்லை. அதோடு வாயையும் மூடிக்கொண்டார். ஒஸ்ரேலியாவிலிருந்து மகள் ஜிலியன் போன் எடுத்தாள் என்றால் "ம்." சாப்பிட்டீர்களா என்றால் "ஓம்." நான் பூனையோடு பேசப் பழகினேன். ஒரு கூரையின் கீழ் இரண்டு பேர் இருந்தும் நான் தனியாள்.

யுத்தம் முடிந்து கடலில் கெடுபிடி தளர்ந்த வருடம், ஆதம்பாவாவின் மகன் ஸாஜித் கட்டாரிலிருந்து வந்து புதுப்படகு வாங்கினான். தாய்வழி உயரம் அவனுக்கு. எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைவான்.

"அங்கிள், வாப்பாட தொழிலத்தான் செய்யப் போறன். நீங்க வரணும்" என்றான்.

வேறொருத்தி என்றால் மறித்திருப்பாள். நான் பையைக் கட்டிக் கொடுத்தேன். கடலுக்குப் போனால் மனுஷன் வாய் திறப்பார் என்ற ஒரே ஆசை.

ஸாஜித் புதுக்கயிறு வாங்கி, தகப்பன் செய்த மாதிரியே கைகளை விரித்து அளந்து துணி முடிந்தான். வில்லியம் இருபதாவது துணிவரை இறங்கினார். அட்டவணைப்படி நின்று நின்று ஏறினார். அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில், "தண்ணி கண்ணாடி மாதிரி, டோறா. மறுகா ஒரு நாளைக்கு உன்னையும் படகில கூட்டிப் போறன்" என்றார். நான் சந்தோஷத்தில் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

சாப்பிட்டு எழும்பப் பார்த்தவருக்குக் கால் எழும்பவில்லை.

"வாதம். நான் அட்டவணைப்படிதான் ஏறினன்" என்று சாதித்தார். ஊசி போடு, எண்ணெய் தடவு என்று ஆட்களும் சொன்னார்கள். கடைசியில் திருகோணமலைக்கு, காற்றை அமுக்கி வைத்தியம் பார்க்கும் அறைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. ஒரு கால் இழுபட, பழைய மௌனத்தோடு திரும்பி வந்தார்.

ஸாஜித் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து அழுதான். நான் தையல்காரி, அளவு நாடாவை எடுத்து இரண்டு துணிக்கு நடுவே பிடித்தேன். ஆறரை அடிக்கும் மேல். வில்லியம் நினைத்ததைவிட ஆழத்தில் நின்றிருக்கிறார். தாமதித்த நேரம் போதவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆதம்பாவாவுக்கு நான் சேர்ட் தைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய எந்தச் சேர்ட்டின் கையும் அவருக்கு நீளம். அந்த மனுஷனின் பாகம் ஐந்தரை அடியும் வராது. தான் எண்ணிய ஆழத்துக்கு வில்லியம் ஒருநாளும் போனதேயில்லை. அத்தனை வருடமும் அவரை நோகாமல் மேலே கொண்டுவந்தது கூட்டாளியின் கட்டைக் கைகள்.

போய்ச் சொன்னேன். ஸாஜித்தின் மேல் பாய்வார் என்று நினைத்தேன். கயிற்றை மடியில் வாங்கி, துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு தோள் குலுங்கியது. மையத்து அடக்கிய நாளில் வராத அழுகை.

"டேய் கட்டையா" என்றார். "என்னை விட்டுட்டு எங்கடா போனாய்?"

அதற்குப்பின் நிறுத்தவில்லை. மழை, மீன், ஆட்டுக்கதை, அரசாங்கம் என்று பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் நான் ஏதோ கேட்டேன், அவர் காதில் விழவில்லை. ஐந்து வருடமாக மாதாவிடம் நான் கேட்டது இதைத்தான். வில்லியம் பேசுகிறார்.

இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இரண்டையும் பார்த்தார்.

"ஆதம்பாவாவுக்கு எங்க?"

என்னுடையதை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.