ஐந்து மணி முதல் ஐந்தரை வரை

தம்பி யசோதரன் ஏழு நாள் தரையில் கால் வைக்காமல் சைக்கிள் ஓட்டப் போகிறான் என்று என் கணவர் வந்து சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பத்து வயதில் அம்மா போன பிறகு என்னோடு வந்து சேர்ந்தவன் அவன். இருபத்து நான்கு வயதாகியும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிகிறவன். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். செங்கத்தில் ஒருவன் ஆறு நாள் ஓட்டினானாம், அதை முறியடிக்க வேண்டுமாம். ஜனங்கள் கொடுப்பதை வைத்து வாடகை சைக்கிள் கடை ஒன்று போடலாமாம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொதுவாகவே அவர் முகம் பார்த்துப் பேசுகிறவர் இல்லை. அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எழுபத்தொன்பதாம் வருடம், ஐப்பசி மாதம். எனக்கு அப்போது உடம்பு சரியில்லை. இடது மார்பில் ஒரு கட்டி. ஆடி மாதம் வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொல்லி, அவரிடம் மட்டும் பேசினார். வெளியே வந்தவர், வெறும் கொழுப்புக் கட்டிதான், மெட்ராஸில் கொஞ்ச நாள் கரண்ட் வைத்தால் கரைந்துவிடும் என்றார். நான் நம்பினேன். நம்புவதற்கு எனக்கும் ஆசையாக இருந்தது என்பதை இப்போது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மூங்கிலின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர். யசோதரன் அந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்தான். சீட்டில் உட்கார்ந்தபடியே குளித்தான், சவரம் செய்துகொண்டான், ஹாண்டில் பாரில் தலை சாய்த்துக் கண்ணை மூடினான். பார்க்க வந்தவர்கள் கூடவே ஓடி அவன் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வந்தார்கள்.

அவனுக்குச் சாயங்காலச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. ஊர் மலைக்குக் கிழக்கே இருப்பதால் எங்களுக்குச் சூரியன் சீக்கிரமே போய்விடும். மலை மறைத்துவிட்டால் மறைந்ததுதான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சுற்றிச் சுற்றி ஓட்டுகிறவன் அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். அதனால் என்னைக் கேட்பான்.

"இருக்கா அக்கா?"

"இருக்குடா. சாப்பிடு."

ஐந்து மணிக்குப் போவேன். பிசைந்த சோற்றைக் கிண்ணத்தில் போட்டு வட்டத்தின் ஓரத்தில் நீட்டுவேன். ஒரு கையால் வாங்கிக்கொண்டு போய், மூன்று சுற்றில் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தருவான். நான் போகும்போதெல்லாம் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் நான்கு நாளும் ஊர் என்னிடம் வழக்கத்துக்கு மீறிய மரியாதையாக இருந்தது. கூட்டம் விலகி வழி விட்டது. முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். அடுத்த வீட்டுக் கஸ்தூரி, தண்ணீர்க் குடத்தை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். எல்லாம் சாதனை செய்கிறவனின் அக்கா என்பதற்காக என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட நடந்தேன். அந்த நடையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஐந்தாம் நாள் மத்தியானத்திலிருந்தே மேகம் மூடிவிட்டது. மலையே தெரியவில்லை. சூரியன் இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது, சீக்கிரமாகவே கொடுத்துவிடலாம் என்று மூன்றரை மணிக்கே கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதே மைக் செட்காரர் அருணகிரியின் குரல் கேட்டது.

"தாய்மார்களே, பெரியோர்களே. மார்பிலே புற்றுநோய் கண்டு, உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் தன் அன்பு அக்கா ஜெயமதியைக் காப்பாற்ற, ஏழு நாள் இரவு பகலாக..."

யாரோ ஒரு ஜெயமதி என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் ஜனத்தில் அது அபூர்வமான பெயர் இல்லை. ஐயோ பாவம் என்று அவளுக்காக ஒரு கணம் மனம் இளகியது. அவள் மேல் நான் பட்ட அந்த இரக்கம் சுத்தமானது. அடுத்த வாக்கியத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா தரணேந்திரனின் மனைவி என்று வந்தது.

கூட்டம் என்னைப் பார்த்துவிட்டது. வேர்க்கடலை விற்கிறவன் என் மார்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்தினான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அருணகிரி பாதியில் நிறுத்தினார். ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. நான் அவருடைய மேஜைக்குப் போய் அவர் படித்த காகிதத்தை எடுத்தேன்.

என் கணவரின் கையெழுத்து. தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்றாலும் விலாசம் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு அழகான எழுத்து. மூன்று மாதங்களுக்கு முன் நோய் தெரியவந்தது என்று இருந்தது. மூன்று மாதம். காகிதத்தின் அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்: "மாலை ஐந்து மணி முதல் ஐந்தரை வரை இதைப் படிக்க வேண்டாம். பாட்டு மட்டும்."

நோயைவிட அந்த வரிதான் என்னை அடித்தது. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் பயத்தில் ஒரு பொய் வாயில் வந்திருக்கும், அதை நான் மன்னித்திருப்பேன். இது பயத்தில் வந்தது இல்லை. கூடத்து மேஜையில், நான் கொண்டுவைத்த காப்பியைக் குடித்தபடி, நிதானமாக யோசித்து எழுதியது. நான் சோறு கொண்டுபோகும் அந்த அரை மணியை மட்டும் என்னிடமிருந்து காப்பாற்றி வைத்துவிட்டு, மீதி நாள் முழுவதும் என் உடம்பை ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

டீக்கடையிலிருந்து அவர் ஓடிவந்தார். பக்கத்தில் வந்து நின்றவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கையிலிருந்த சோற்றுத் தூக்கை வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"உனக்குத் தெரிஞ்சா உடைஞ்சி போயிடுவேன்னு பயந்துட்டேன் ஜெயா."

"வேர்க்கடலைக்காரன் வரைக்கும் தெரிஞ்சாச்சு. எனக்குத்தான் பாட்டு."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை, வேறு வழி தெரியவில்லை என்றெல்லாம். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். நான் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"மெட்ராசுல டாக்டர்கிட்ட நான் உள்ள போறேன். நீங்க வெளிய உக்காருங்க."

வட்டத்தின் ஓரத்துக்குப் போனேன். யசோதரன் என்னைப் பார்த்துவிட்டான். அவனால் நிற்க முடியாது. கால் ஊன்றினால் ஐந்து நாளும் வீண். என்னைக் கடக்கும்போது ஒரு வார்த்தை, பிறகு ஒரு சுற்று, பிறகு இன்னொரு வார்த்தை என்று பேசினான்.

"மாமாதான் சொல்ல வேணாம்னாரு அக்கா."

போய்விட்டு வந்தான்.

"சத்தியம் வாங்கிட்டாரு."

ஜுரத்தில் படுத்தால் என் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு தூங்குகிறவன். அவன் என்னிடம் மறைத்தது எதுவுமே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, என் உயிருக்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு இளகவில்லை.

"இறங்கிடட்டுமா அக்கா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. அதையும் என் தலையில் வைத்துவிட்டுப் போகிறானே என்று இருந்தது. மூங்கிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டேன். எத்தனை சுற்று போனதோ தெரியாது. கடைசியில் பசி கேட்கவைத்தது.

"இருக்கா அக்கா?"

மேகம் கறுத்திருந்தது. ஆனாலும் பொழுது போகவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டைவிட்டு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"போயிடுச்சு," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். சந்தேகப்படவில்லை. தண்ணீர்கூடக் கேட்காமல் சுற்றினான். அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது. சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மலைக்கு மேல் மேகம் கிழிந்தது. கோயில் கோபுரங்களில் வெயில் ஏறியது. பிறகு மைதானத்திலும் விழுந்தது. அண்ணாந்து பார்க்க முடியாதவன் தன் முன்னால் தரையில் நீண்டு ஓடும் சைக்கிளின் நிழலைப் பார்த்தான். நிழலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த சுற்றில் அவன் எதுவும் கேட்கவில்லை. நானும் தூக்கைத் திறக்கவில்லை. மணி ஐந்து ஆகியிருக்க வேண்டும். அருணகிரி பழக்கத்தில் பாட்டைப் போட்டார்.