பாலத்தில் ஒரு வளைவு

அக்காவும் தம்பியும் நடத்திய நினைவுப்பொருள் இறக்குமதிக் கம்பெனிக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர் அது: ஊர்ப் பாலத்தின் பொம்மை எட்டாயிரம். வாங்குபவர் வர அரை மணி நேரம் இருக்கும்போது, மாதிரி வந்த பெட்டியைப் பிரித்த அக்கா வளைவுகளை எண்ணினாள். பாலத்துக்கு நான்கு வளைவு, பொம்மையில் ஐந்து. வேறெந்த ஊருக்கோ செய்த அச்சில் வார்த்து, இந்த ஊர்ப் பெயரை ஒட்டி அனுப்பியிருந்தார்கள் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்காரர்கள்.

"சுத்திப் பாக்க வர்றவன் வளைவையா எண்ணப் போறான்? வர்ற சீதேவிய எட்டி உதைக்காதக்கா," என்றான் தம்பி.

வாங்குபவர் பொம்மையைத் திருப்பிப் பார்த்தார். தப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு வளைவு கூட இருக்கு. இது நம்ம பாலமே இல்ல," என்றாள் அக்கா.

தம்பியின் முகம் சுண்டிப்போனது. அவர் பேனாவை மூடினார்.

"அப்ப சரியானத யாரு தருவா?"

"நாங்களே வரைஞ்சு அச்சுக்குக் குடுக்கறோம். ரெண்டு மாசம் ஆகும்."

சொன்ன பிறகுதான், கம்பெனியில் யாருக்கும் ஒரு கோடுகூட நேராகப் போட வராது என்பது அவளுக்கு உறைத்தது.

"ஒன்றரை மாசம்," என்று சொல்லி எழுந்தார்.

தம்பி பெட்டியை மூடி மூலையில் தள்ளினான். ஆனால் மத்தியானம், படம் வரைகிற ஆள் கிடைக்குமா என்று அவன் போனில் விசாரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி, தன் ஆளை வைத்து வரையாத எதையும் இறக்குமதி செய்யவில்லை.