மூடின கேட்டுக்கு முன்னால்

"தொடாதேடா!" "அக்கா, கொடிதானே, அத்தானுக்கு ஒரு மரியாதை..." "மரியாதை எதுக்கு, ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாப் போதாதா?" சவப்பெட்டி மேல் தம்பி மலாக்கி விரித்த ஐரிஷ் மூவர்ணக் கொடியை உருவி அவன் கையிலேயே திணித்தாள் ப்ரோனா அக்கா, சாவுக்கு வந்து டீக்கோப்பையோடு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது... தலைநகர் பெல்பாஸ்ட்டில் மலாக்கி வந்தால் எழுந்து நிற்பார்கள், அமைச்சர், இங்கே வெறும் டேய்தான், சரி, வேறென்ன மரியாதை கிடைக்கும், ஊர் ஆஸ்பத்திரியை மூடச் சொன்ன தாளில் இருப்பது இவன் கையெழுத்து, பின்டன் அத்தானுக்குப் போன செவ்வாய் நெஞ்சு வலித்தது, அடுத்த ஆஸ்பத்திரி நாற்பது மைல், பாதி ரோட்டிலேயே... படித்துப் பார்த்தேனா? பார்த்தேன்... இல்லை, அன்றைக்கு அமைச்சர் அறைக் கதவுப் பெயர்ப்பலகையில் ஐரிஷ் மொழி மேலேயா இங்கிலீஷ் மேலேயா என்று ஆட்சியில் பங்குள்ள எதிர்த்தரப்புக் கட்சியோடு சண்டை, ஆறு மாதச் சண்டை, ஜெயித்தோம், கை தட்டினார்கள், அந்தக் குஷியில் அந்தத் தாளிலும் ஐரிஷிலேயே கையெழுத்து, அழகாக, நீட்டி இழுத்து...

அந்தக் காலத்து இயக்க வழக்கில் போலீஸ் ஏழு நாள் அடித்தும் அத்தான் வாயிலிருந்து என் பெயர் வரவில்லை, பன்னிரண்டு வருஷம் அவர் ஜெயிலுக்குள்ளே, நான் வெளியே ஓட்டுக் கேட்டுக்கொண்டு, அந்த வாய் ஒரு தடவை திறந்திருந்தால் எங்கே நான், எங்கே இந்தக் கார்? வாசலில் சவப்பெட்டிக் கடைக்காரர் பெட்டி தூக்க ஆட்களை உயரம் பார்த்து ஜோடி சேர்க்கிறார், இரண்டிரண்டாக, ஊரில் எத்தனை சாவு, எத்தனை தோழர்கள், ஒவ்வொரு தடவையும் இவனுக்கு எதிர்த் தோள் அத்தான்தான், ஒரே உயரம், அத்தான் கை இவன் முதுகைச் சுற்றி இறுக்கும்... இன்றைக்கு எல்லாருக்கும் ஜோடி இருக்கிறது, இவன் மட்டும் கொடியும் கையுமாக.

"நானும் தூக்கணும்க்கா."

"அளவு ஒத்து வரலையா, மினிஸ்டரய்யா?" குரலில் அழுகையே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "மாதா கோயிலுக்குப் போற வழியில ஆஸ்பத்திரி கேட்டுல நிறுத்தச் சொல்லியிருக்கேன். பூட்டின கேட்டு. ஊரே அங்கதான் நிக்குது, டிவிக்காரனும் வந்திருக்கான்."

"அக்கா..."

"அங்கேருந்து நீ தூக்கு. எதிர்த் தோளு நான் தர்றேன், குதிகால் செருப்புப் போட்டா உன் உயரம் வந்துடுவேன். வர்றியாடா?"